தங்கள் உண்மையுள்ள

1

அப்பாவின் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் அடியில், ஒரு பழுப்பு உறை இருந்தது. உள்ளே மூன்று தாள்கள். முதலாவது, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. அப்பா தான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு எழுதிய கடிதத்தின் ரஃப். இரண்டாவது, 1996இல் டைப் அடித்த ஒரு கடிதத்தின் கார்பன் காப்பி. மூன்றாவது, அதற்குத் தொழிற்சாலை அனுப்பிய பதில். இரண்டு கடிதத்திலும் அப்பா கேட்டது ஒரே பணத்தைத்தான். முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

இரண்டாவது கடிதத்தை அடித்தது நான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் லோயரும் தமிழ் லோயரும் முடித்து, ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடிதத்தில் தேதியை எங்கே போடுவது, ‘பொருள்’ என்பதற்குக் கீழே கோடு போடுவதா வேண்டாமா, கையெழுத்துக்கு எத்தனை வரி விடுவது என்பதெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயங்கள். அவற்றுக்கும் என் வீட்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். ஏன் அந்த உறுப்புகள் கடிதத்துக்கு வந்தன என்று தேடத் தொடங்கியது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

குரோம்பேட்டைக்குப் பெயரே ஒரு தொழிற்சாலையால் வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சென்னையில் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்குத் தெற்கே வந்தது. அந்த ‘குரோம்’தான் ஊருக்குப் பெயரானது. இன்றைக்கும் இங்கே சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு இருக்கிறது. அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன என்று ஆட்டோக்காரரைக் கேட்டால் சிரிப்பார். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதன்பிறகு இந்தப் பக்கத்தில் இன்னொரு வகை ஆட்கள் குடிவந்தார்கள். காலையில் டிபன் டப்பாவோடு ரயில் ஏறி, கோட்டையிலோ கடற்கரையிலோ இறங்கி, தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் நாள் முழுக்கக் கடிதம் எழுதிவிட்டு சாயங்காலம் திரும்பும் குமாஸ்தாக்கள்.

ஆக ஊரில் இரண்டு ஜனம். மெஷினில் வேலை செய்தவர்கள், கடிதத்தில் வேலை செய்தவர்கள். அப்பா முதல் வகை. எங்கள் டைப்ரைட்டிங் டீச்சர் இரண்டாவது வகை. தம்புச் செட்டித் தெருவில் ஒரு ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் ஸ்டெனோவாக இருந்துவிட்டு வந்தவர்.

2

டீச்சர் சொல்லித் தந்ததில் பாதி, எழுத்தைப் பற்றியதே இல்லை. யார் எங்கே நிற்பது என்பதைப் பற்றியது.

“கம்பெனிக்கு எழுதினா ‘டியர் சார்ஸ்’. ஒரே ஆளுக்கு எழுதினா ‘டியர் சார்’. சார் போட்டா முடிவுல ‘ஃபெய்த்ஃபுல்லி’. பேரு போட்டுக் கூப்பிட்டா ‘சின்சியர்லி’. ரெண்டையும் மாத்திப் போட்டா மார்க் போகும். ஆபீஸா இருந்தா மானம் போகும்.”

கடிதத்தின் அடியில் இடப்பக்கம் ஒரு சின்னக் குறிப்பு வரும். முதலில் சொன்னவரின் இனிஷியல் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, அப்புறம் டைப் அடித்தவரின் இனிஷியல் சிறிய எழுத்தில். “இருபத்திரண்டு வருஷம் என் பேரு அந்த ஆபீஸ்ல அவ்வளவுதாம்மா. ரெண்டு சின்ன எழுத்து” என்றார் ஒருநாள். வருத்தமாகச் சொல்லவில்லை. ரிப்பன் மாற்றிக்கொண்டே சொன்னார்.

கடிதத்தில் மேல், கீழ் என்பது நமக்குப் புதிதல்ல. பழந்தமிழில் ராஜாவிடமிருந்தோ குருவிடமிருந்தோ வரும் ஓலைக்குத் ‘திருமுகம்’ என்று பெயர். அனுப்பியவரின் முகமே வந்துவிட்டது மாதிரி. பதினோராம் திருமுறையில் திருமுகப் பாசுரம் என்று ஒன்று இருக்கிறது. மதுரையில் இருக்கும் இறைவன், பாணபத்திரனுக்குப் பொருள் கொடுத்தனுப்பச் சொல்லிச் சேரமான் பெருமாளுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதம் என்பது மரபு. அனுப்புபவர் யார், எங்கே இருக்கிறார், பெறுபவர் யார், கொண்டுவருபவர் யார், விஷயம் என்ன என்று எல்லா உறுப்பும் அதில் உண்டு. கடவுளே எழுதினாலும் ஃபார்மட் தவறவில்லை.

சிலப்பதிகாரத்தில் இதைவிடச் சுவாரசியமான ஒரு கடிதம் வருகிறது. மாதவி கோவலனுக்கு எழுதி, கோசிகன் என்பவனிடம் கொடுத்தனுப்பிய இரண்டாவது ஓலை. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனுக்கு அது கிடைக்கிறது. படிக்கிறான், தப்பு தன்மேல்தான் என்று உணர்கிறான். பிறகு ஒரு காரியம் செய்கிறான். தன் தாய் தந்தையருக்குத் தான் எழுத வேண்டிய கடிதத்தின் சொற்களும் இவைதான் என்று பார்த்து, அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறான். காலில் விழுவது, பிழை பொறுக்கச் சொல்வது, கவலை தீர்க்கச் சொல்வது. காதலி காதலனுக்கு எழுதினாலும் மகன் பெற்றோருக்கு எழுதினாலும் பணிவின் சொற்கள் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. பெறுநரை மாற்றினால் போதும், கடிதம் தயார். கிட்டத்தட்ட இன்றைய டெம்ப்ளேட்.

சோழர்களிடம் வந்தால் ஒரு கடிதத்துக்குப் பின்னால் ஒரு ஆபீஸே நிற்கிறது. ராஜா வாயால் சொல்வதை எழுதுபவர் ‘திருமந்திர ஓலை’. அதைச் சரிபார்ப்பவர் ‘திருமந்திர ஓலை நாயகம்’. முதலாம் ராஜராஜன் தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டை (நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தது) எடுத்துப் பார்த்தால், தானம் கொடுத்த செய்தியோடு அதில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் பெயர்களும் வரிசையாக வரும். யார் எழுதினார், யார் ஒப்பிட்டார், யார் கணக்கில் ஏற்றினார் என்று. முதல்முறை படித்தபோது எனக்கு டீச்சரின் இரண்டு சின்ன எழுத்து ஞாபகம் வந்தது. பின்னாளில் யாராவது ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் அந்தப் பட்டியலும் செய்தது, அந்த இரண்டு எழுத்தும் செய்தது.

ஆனால் இதெல்லாம் மேலிருந்து கீழே வருவது. கீழிருந்து மேலே போவதற்கு வேறு மொழி.

3

அந்த மொழிக்கான சொற்களை நாம் பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வாங்கினோம். அர்ஜி, மகஜர், தாக்கீது, ரசீது. நவாபு காலத்துக் கச்சேரிச் சொற்களைக் கம்பெனிக்காரன் அப்படியே வைத்துக்கொண்டான். கிழக்கிந்தியக் கம்பெனி என்பது ஒருவகையில் கடிதத்தால் நடந்த ராஜ்யம். லண்டனிலிருந்து கப்பலில் வரும் கடிதத்துக்குச் சென்னையிலிருந்து பத்தி எண் போட்டுப் பதில் எழுதுவார்கள். கிராமத்திலிருந்து வருவது அர்ஜி. எழுதத் தெரியாத குடியானவனுக்காக எழுதித் தருவதற்குக் கச்சேரி வாசலில் ஆள் இருப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னை மாகாணக் கச்சேரிகளையும் அங்கே எழுதிப் பிழைத்தவர்களையும் பற்றி பவானி ராமன் ‘டாக்குமென்ட் ராஜ்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எழுத்து யார் கையில் இருந்ததோ அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தது.

அர்ஜியின் பணிவுக்கு அளவே கிடையாது. இங்கிலீஷ் மனுவும் அப்படித்தான். ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று தொடங்கி, ‘மனுதாரர்கள் என்றென்றும் பிரார்த்திப்பார்கள்’ என்று முடிய வேண்டும். பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போகும் மனுக்களுக்கு அதுதான் வடிவம்.

அந்த வடிவத்துக்குள்ளிருந்து சென்னைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1852இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியும் மற்றவர்களும் சேர்ந்து சென்னைவாசிகள் சங்கத்தை அமைத்தார்கள். லட்சுமிநரசு வியாபாரக் குடும்பத்தில் வந்தவர், ‘கிரசென்ட்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனு அனுப்பியது. மேலே கும்பிடு, கீழே பிரார்த்தனை. நடுவில், நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்கக் கிளம்பி வந்தார். விஷயம் பாராளுமன்றத்தில் பேசப்பட்டு, சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் வந்த அதன் அறிக்கையில் கிட்டி போடுவது, அண்ணாந்தாள் கட்டுவது என்று வசூல் முறைகள் பெயரோடு பதிவாகின. நேரில் வந்து சொன்னவர்களும் உண்டு, கடிதம் எழுதி அனுப்பியவர்களும் உண்டு.

பணிவான வாசகம் அந்த மனுவுக்குள்ளே நுழைய ஒரு அனுமதிச் சீட்டு. ஆனால் வேலை செய்தது பணிவு இல்லை. என்ன நடந்தது, யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்ற விவரம்தான் வேலை செய்தது. மெனக்கெட்டுக் கும்பிட்டுவிட்டு விவரம் சொல்லாமல் முடித்த மனுக்கள் அந்தக் காலத்தில் எத்தனை போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவின் முதல் கடிதம் அந்த ஜாதி.

4

வியாபாரக் கடிதம் இந்த இரண்டிலிருந்தும் வேறு. அதில் ராஜாவும் இல்லை, குடியானவனும் இல்லை. சரக்கு அனுப்பியவன் ஒருவன், பணம் தரவேண்டியவன் ஒருவன். நாளைக்கே நிலைமை மாறலாம். அதனால் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும்.

நம் வியாபாரிகளின் பழைய கடிதங்கள் பிள்ளையார் சுழியில் தொடங்கும். அப்புறம் ‘உபயகுசலோபரி’ மாதிரி ஒரு வாசகம். இரு பக்கமும் க்ஷேமம், இனி விஷயத்துக்கு வருவோம் என்று அர்த்தம். பிறகு ஒரு ‘இப்பவும்’. அந்த ‘இப்பவும்’தான் இன்றைய ‘பொருள்’. நகரத்தார் தொழிலில் ‘விலாசம்’ என்றால் தெரு பெயர் இல்லை, கடையின் இனிஷியல். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த தொழில் பெயர். பர்மாவிலோ மலாயாவிலோ அந்த எழுத்துகளைப் பார்த்தே பணம் கொடுத்தார்கள். கடிதத்தின் தலையில் நம்பிக்கையான ஒரு பெயர் நிற்கிறது. பிற்காலத்து லெட்டர்ஹெட்டும் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் ஒரே உயரம் என்பது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவில்தான். சாதாரண ஆளுக்குக் கடிதம் போட்டால், உறையில் அவர் பெயரை எப்படி எழுதுவது? பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் இருந்தால் அதைப் பார்த்து ‘ஸ்ரீமான்’ போடலாம். பட்டம் இல்லாதவருக்கு வெறும் பெயர். கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே, உறையிலேயே, தபால்காரருக்கும் தெரிந்துவிடும் யார் யார் என்று.

எங்கள் ரயில் தடம் தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போகிறது. அந்தச் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் போடும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிடுவது என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதைச் சமூக சீர்திருத்தம் என்று பாடத்தில் படிக்கிறோம். எனக்கு அது கடித உறையின் வரலாறாகவும் தெரிகிறது. பெறுநர் என்று எழுதி அதன் கீழே என்ன எழுதுவது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு சொன்ன பதில் அது. 1967இல் அண்ணாதுரை அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரிக்குப் பதிலாகத் திரு, திருமதி, செல்வி என்று எழுதச் சொன்னபோது அந்தப் பதில் அரசாங்க டைப்ரைட்டருக்குள்ளும் வந்துவிட்டது. கலெக்டருக்கும் திரு, பியூனுக்கும் திரு.

அதற்கு முன்பே, 1956இல், தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்திருந்தது. மறு ஆண்டு ஆட்சிச் சொல்லகராதி வந்தது. இங்கிலீஷ் கடிதத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழில் ஒரு பெயர் தேவைப்பட்டது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு, நகல், ஒப்பம். ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரிக்குப் பெயர் சொல்லி எழுதுவது நேர்முகக் கடிதம். இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘பார்வை’. இந்தக் கடிதம் எந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதைச் சொல்கிற வரி. ‘உன் கடிதம் வந்தது, படித்தேன், அதனால்தான் எழுதுகிறேன்’ என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

5

இத்தனையும் தமிழில் டைப் அடிப்பதற்கு ஒரு மெஷின் வேண்டுமே. அதைக் கொடுத்தவரும் ஒரு குமாஸ்தாதான். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, இருபத்தொரு வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறி, பிறகு சிங்கப்பூரில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க இங்கிலீஷ் மெஷினில் கடிதங்களைப் பார்த்தவருக்கு, தமிழில் ஏன் முடியாது என்று தோன்றியிருக்கிறது. 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் எப்படி அடக்குவது? சில விசைகளை அடித்தால் வண்டி நகராதபடி செய்தார். புள்ளி முதலில் விழும், வண்டி அங்கேயே நிற்கும், பிறகு அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அவர் வடிவமைத்த மெஷின்களை ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் கம்பெனி செய்து கொடுத்தது. நாம் கையால் ‘க்’ எழுதும்போது க முதலில், புள்ளி பிறகு. மெஷினில் தலைகீழ். தமிழ் லோயர் படித்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் விரலில் ஏறி, பிறகு இறங்கவே இறங்காது.

எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பதினோரு மெஷினில் இரண்டுதான் தமிழ். காலை ஆறு மணிக்கே சத்தம் ஆரம்பித்துவிடும். புதுசாகச் சேர்ந்தவர்கள் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று சுண்டு விரல் வலிக்க அடிப்பார்கள். ஹையர்காரர்கள் லெட்டர், ஸ்டேட்மென்ட். அரசாங்கப் பரீட்சையில் ஸ்பீடு ஒரு பேப்பர், லெட்டரும் ஸ்டேட்மென்ட்டும் இன்னொரு பேப்பர். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில், அதற்கு முன் யாரும் ஒரு ஆபீஸுக்குக் கடிதம் எழுதியதில்லை. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரே கடிதம். ‘பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’. கேட்டதையும் கெஞ்சியதையும் பிரித்துப் பார்க்க அது சொல்லித் தரவில்லை.

6

அப்பா 1975லிருந்து 1994 வரை பத்தொன்பது வருடம் பல்லாவரம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒருநாள் ஆட்களைக் குறைத்தார்கள். கடைசி மாதச் சம்பளம் 1,820 ரூபாய். கிராஜுவிட்டி வரும் என்றார்கள். வரவில்லை. இரண்டு வருடம் மாதத்துக்கு ஒருமுறை கேட்டுக்குப் போய் நின்றார். ‘முதலாளி ஊர்ல இல்ல’, ‘அக்கவுன்டன்ட் லீவு’. இடையில் எழுதியதுதான் அந்த முதல் கடிதம்.

‘உயர்திரு முதலாளி அய்யா அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்குகிறது. தன் கஷ்டம், என் படிப்பு, அம்மாவின் ஆஸ்துமா எல்லாம் இருக்கிறது. ‘தாங்கள் மனமிரங்கி ஏதாவது பார்த்துச் செய்யுமாறு’ என்று முடிகிறது. எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று இல்லை. எவ்வளவு பணம் என்று இல்லை. அதை 1994இல் எழுதினார் என்று எனக்குத் தெரிவது அம்மா சொல்லித்தான். கடிதத்தில் தேதியே இல்லை.

டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அப்பாவக் கூட்டிட்டு வா” என்றார். அப்பா செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். “வாங்க சார், உக்காருங்க” என்றார் டீச்சர். அப்பா எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். சட்டப்படி, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் கணக்கு. 1,820ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 70. பதினைந்து நாளுக்கு 1,050. பத்தொன்பது வருடத்துக்கு 19,950. அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பணம் எவ்வளவு என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

“இத அவங்க தரணும்னு இருக்காம்மா?”

“இருக்கு சார். 1972 சட்டம். நீங்க கேட்டாலும் கேக்கலைன்னாலும் கணக்குப் போட்டு முப்பது நாள்ல தரணும். தாமசமானா வட்டியோட.”

பணிக்கொடை என்று அதற்குத் தமிழில் பெயர். இங்கிலீஷ் சொல்லும் அப்படித்தான், நன்றிக்காகக் கொடுப்பது என்ற அர்த்தத்தில் பிறந்தது. பெயர் கொடை என்கிறது, சட்டம் கடன் என்கிறது. அப்பா பெயரை நம்பினார். கொடை என்றால் கேட்பவன் கெஞ்சத்தானே வேண்டும்.

இங்கிலீஷில் அடிக்கவா என்று கேட்டேன். “வேணாம், தமிழ்ல அடி. கையெழுத்துப் போடப்போறது அவரு. என்ன போடுறோம்னு அவருக்குப் படிக்கத் தெரியணும்ல” என்றார் டீச்சர். இரண்டு கார்பன் வைத்து மூன்று தாளைச் சுருட்டி ஏற்றினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். தேதி: 12.8.1996. அனுப்புநர். பெறுநர்: நிர்வாக இயக்குநர், அப்புறம் கம்பெனி பெயர், முகவரி, பின்கோடு. ஐயா. பொருள்: பணிக்கொடை வழங்கக் கோருவது தொடர்பாக. முதல் பத்தியில் சேர்ந்த தேதி, நின்ற தேதி, டோக்கன் நம்பர். இரண்டாவதில் கணக்கு. மூன்றாவதில், இந்தக் கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

‘பணிவன்புடன்’ போடட்டுமா என்றேன். “போடலாம், தப்பில்ல. ஆனா அது ஒண்ணும் செய்யாது. தேதி செய்யும்” என்றார். போடவில்லை.

இணைப்பு: சம்பளச் சீட்டு நகல். அதற்குக் கீழே, டீச்சர் கொஞ்சம் யோசித்துச் சொன்ன கடைசி வரி. நகல்: பணிக்கொடைச் சட்டக் கட்டுப்பாட்டு அதிகாரி, தொழிலாளர் துறை. ஈமெயிலில் ‘சிசி’ என்று இருக்கிறதே, அது இந்தக் கார்பன் காப்பிதான். யாருக்கு நகல் போகிறது என்று பெறுநருக்குத் தெரியும்படி எழுதுவதில், ஒரு வார்த்தை கூட அதிகமாகப் பேசாமல், நிறைய பேசிவிடலாம்.

அப்பா முழுக்கப் படித்தார். “கோவமா இருக்கற மாதிரி இருக்கே” என்றார்.

“கோவம் எங்க சார் இருக்கு? எல்லாம் நடந்ததுதானே.”

‘தங்கள் உண்மையுள்ள’ என்பதற்குக் கீழே நான்கு வரி விட்டிருந்தேன். அந்த இடத்தில் அப்பா மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். குரோம்பேட்டை போஸ்ட் ஆபீஸில் ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோடு. அந்த ரசீதையும் பின் பண்ணி வைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர்.

பதில் செப்டம்பரில் வந்தது. லெட்டர்ஹெட்டில். ‘பார்வை: தங்கள் 12.8.1996 தேதியிட்ட கடிதம்.’ அப்பா பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டிருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து அவருக்கு வந்த எந்தக் காகிதத்திலும் அது இருந்ததில்லை. சம்பளச் சீட்டில் டோக்கன் நம்பர், அதற்குப் பிறகுதான் பெயர். அம்மா பணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அந்த ஒரு வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணம் இரண்டு தவணையில் வந்தது. 19,950. வட்டி இல்லை. “இன்னொரு லெட்டர் போடலாம், பார்வைல இத வெச்சு” என்றார் டீச்சர். அப்பா, போதும்மா என்றுவிட்டார். ‘திரு’ போட்டுவிட்டார்களே, இனியும் கேட்டால் மரியாதையாக இருக்காது என்பது அவர் கணக்கு. அந்த மூன்றாவது கடிதத்தை நான் அடிக்கவில்லை. கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

7

இப்போது நான் ஒரு ஆபீஸில் நாளைக்கு நாற்பது ஈமெயில் போடுகிறேன். ‘டியர் சார்ஸ்’ போய் ‘ஹாய் டீம்’ வந்துவிட்டது. அதற்காக வருத்தப்பட எனக்குத் தோன்றவில்லை. 2012இல் குடியரசுத் தலைவர் மாளிகையே ‘மேதகு’ என்பதற்கான இங்கிலீஷ் அடைமொழியை உள்நாட்டுப் பயன்பாட்டில் கைவிட்டது. கும்பிடுகள் குறைவது நல்லதுதான்.

போன வருடம் எதிர்வீட்டுப் பையன் வந்தான். உணவு டெலிவரி செய்கிறான். திடீரென்று அவன் ஐடியை முடக்கிவிட்டார்கள், பதினோரு நாள் காசு உள்ளே நிற்கிறது. போனைக் காட்டினான். ஆப்பில் அவன் எழுதியதற்கெல்லாம் ஒரே பதில். ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது.’ ஈமெயிலும் ஒன்று வந்திருந்தது. கீழே, இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று இருந்தது. யார் எழுதினார் என்ற பெயர் இல்லை, இரண்டு சின்ன எழுத்து கூட இல்லை. ராஜராஜனின் செப்பேட்டில் இருந்த பட்டியல் இங்கே இல்லை. அப்பா காலத்தில் கேட் என்று ஒன்று இருந்தது, போய் நிற்க. இவனுக்கு நிற்கவும் இடம் இல்லை.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, அடையாள எண், தொலைபேசி, ஈமெயில் ஆகியவற்றைத் தன் வியாபாரக் கடிதங்களிலும் பில்களிலும் அச்சிட்டிருக்க வேண்டும். கடிதத்தின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் வெறும் நாகரிகம் இல்லை. அவன் சேர்ந்தபோது வந்த பிடிஎஃப்பைத் தேடி எடுத்தோம். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், முகவரி இருந்தது.

லேப்டாப்பில் தட்டினேன். அனுப்புநர். பெறுநர். பொருள். சேர்ந்த தேதி, முடக்கிய தேதி, நாள்வாரியாக நிற்கும் தொகை, ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைப்பு. நகல் யாருக்கு என்று இருவரும் யோசித்து எழுதினோம். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி, குரோம்பேட்டை போஸ்ட் ஆபீஸுக்குப் போனோம். பழைய ரிஜிஸ்டர் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். பின்கோடு 600044 என்று எழுதும்போது, அப்பா அந்த ஆறு எண்ணையும் கட்டம் கட்டமாக எழுதியது ஞாபகம் வந்தது.

பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த கடிதத்துக்குப் பார்வை தயாராக இருக்கிறது. இந்த முறை நிறுத்துவதாக இல்லை.

அன்றைக்குக் கையெழுத்துப் போடும் முன் பையன் கடைசி வரியை வாசித்துவிட்டுச் சிரித்தான். “தங்கள் உண்மையுள்ள. நான் உண்மையாத்தான் இருந்தேன். அவங்க இருப்பாங்களா ஆன்ட்டி?”

“அதுக்குத்தான்டா மேல தேதி போட்டிருக்கோம்” என்றேன்.